உள்ளே மடித்த துணி

ஜனவரி 9

கிடங்கின் மகாராணியாகிய என் அக்காவுக்கு,

உன் ஊசி எழுதுகிறேன். நானும் வாலுவும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏழை ஊர்களுக்கு உதவிப் பெட்டி அனுப்புகிறோம் என்று அந்தச் சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நின்றுகொண்டே கட்டாதே, முக்காலி போட்டு உட்கார் என்றால் கேட்கமாட்டாய். நீ யார் பேச்சைத்தான் கேட்டிருக்கிறாய்!

எங்கள் தையல் கூடத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாய். நீ கடல் தாண்டிப் போன பிறகு ஆரம்பித்தது, பார்க்காதவளுக்கு எப்படிச் சொல்ல? சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. நாலு மெஷின், ஐந்து பெண்கள். கீழே டியூப் வெடித்தால் மேலே எங்கள் தையல் கோணிக்கொள்ளும். பட்டன் ஓட்டைக்கு மட்டும் மெஷின் கிடையாது. அதற்குக் காஜாக்காரி இருக்கிறாள். அவளுக்குக் கைதான் கை, வாய் மெஷின்.

பள்ளிக்கூடம் திறக்கும் சீசன் வந்துவிட்டால் என் முதுகு என்னுடையது இல்லை அக்கா. யூனிஃபார்ம், யூனிஃபார்ம், யூனிஃபார்ம். "ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ஒரே மாசத்துல ஏன்டி வளருதுங்க?" என்று காஜாக்காரி கேட்பாள். நாங்கள் தைப்பதில் ஒரு சட்டம் உண்டு. கீழேயும் பக்கவாட்டிலும் நாலு விரல் துணியை உள்ளே மடித்து வைத்துத்தான் தைப்போம். பிள்ளை வளர வளர வந்து பிரித்துக்கொள்ளலாம், அதற்குக் கூலி கிடையாது. ஒரு உடுப்பு மூன்று வருஷம் ஓடும். அப்படியும் வாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். போன வாரம் ஒரு பையனின் கால்சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தார்கள். ஒட்டு மேல் ஒட்டு, எது துணி எது ஒட்டு என்றே தெரியவில்லை. "டீச்சர் கேட்டா டிசைன்னு சொல்லிடுவேன்" என்றான். சிரித்துவிட்டு அப்புறம் அழுதேன்.

மூத்தார் வந்திருந்தார். "எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து? என் தம்பி பொண்டாட்டி மாடி ஏறி மெஷின் மிதிக்கிறாளேன்னு ஊரே சிரிக்குது. பொண்ணுக்கும் படிச்சது போதும். வீட்ல என் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்க ஆள் இல்லை" என்றார். டீ கொடுத்து அனுப்பினேன். வாலுவின் அப்பா போன பிறகு நாலு வருஷம் அந்த வீட்டுச் சமையலறைத் தரையில் படுத்தவள் நான். இந்த அறை இருக்கும்வரை அந்த வாசலை மிதிக்கமாட்டேன். என் மகளையும் அனுப்பமாட்டேன்.

முழங்காலுக்குத் தைலம் தேய். பதில் போடு.

உன் ஊசி

*

பிப்ரவரி 2

என் கண்ணான ஊசிக்கு,

அக்கா நலம். முழங்கால் முணுமுணுக்கிறது, ஆனால் வேலைநிறுத்தம் செய்யவில்லை. உன் முதுகைப் பற்றிப் படித்து எனக்கு இங்கே வலித்தது. சின்ன வயதிலேயே உனக்கு முதுகு வீக். நான்தான் உன் புத்தகப் பையையும் சேர்த்துச் சுமப்பேன், ஞாபகம் இருக்கிறதா?

ஒரு சேதி. அந்த ஒட்டுப் பையன் கதையை எங்கள் மேலாளரம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "டிசைன்" என்ற இடம் வந்ததும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. இங்கே பெட்டி தவறி அவர் காலில் விழுந்தபோதுகூட அழவில்லை.

எனக்கு உடனே ஒன்று வேண்டும். உன் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், வகுப்புவாரியாக என்ன அளவு, என்ன நிறம், எல்லாம் எழுதி அனுப்பு. துணித்துண்டு ஒன்றையும் உறைக்குள் வை. ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. அக்கா காரியம் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். உனக்குப் பிறந்தநாள் பாவாடை வாங்கியதுகூட அப்படித்தானே?

வாலுவுக்கு முத்தம். படிப்பை விடக்கூடாது என்று சொல்.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் உத்தரவு நிறைவேற்றப்பட்டது, மகாராணி!

தலைமை ஆசிரியரிடம் கேட்டு, நானும் காஜாக்காரியும் மைதானத்தில் டேப்போடு நின்றோம். ஒரு பிள்ளை விடாமல் அளவெடுத்தாயிற்று. இடுப்பில் கை வைத்தாலே கிச்சுக்கிச்சு என்று ஒரு வகுப்பே உருண்டது. ஒரு குட்டிப் பையன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏன்டா?" என்றால், "பெரிய சைஸ் எழுதுங்க, சீக்கிரம் வளர்ந்துடுவேன்" என்கிறான். பெரிய சைஸே எழுதியிருக்கிறேன்.

துணித்துண்டு வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உள்ளே மடிக்கும் நாலு விரல் துணியை அளவோடு சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். அதைக் குறைத்துவிட்டால் எல்லாம் வீண்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அளவு கேட்பது எதற்கு என்று தையல்காரிக்குத் தெரியாதா? நீ சொல்லும்வரை நானும் வாயைத் திறக்கமாட்டேன். கூடத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. நொண்டி மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று. தலையணை உறை தைக்கச் சொல்லி ஒரு ஏஜென்ட் வந்தார். வருஷம் முழுக்க வேலையாம். "இப்போ கை ஒழியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். காஜாக்காரி அவர் இறங்கிப் போகும்போது மாடிப்படியில் நின்று கையாட்டினாள்.

நீ என் அக்கா என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஊசி

*

மே 6

அக்காவுக்கு,

சுகமா? இரண்டு மாசத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முழங்கால் ரொம்பப் படுத்துகிறதா?

போதும், விளையாட்டை விட்டுவிடுகிறேன். அந்த யூனிஃபார்ம் ஆர்டர் எப்போது வரும்? துணியை நீங்கள் அனுப்புவீர்களா, நாங்கள் வாங்க வேண்டுமா? பள்ளி திறக்க ஒரு மாசம்தான் இருக்கிறது. இந்த இரண்டு மாசத் தையல்தான் அக்கா எங்களுக்கு மீதி வருஷத்துச் சோறு. ரவிக்கையும் உள்பாவாடையும் தைத்து ஐந்து குடும்பம் நடக்காது. இந்த வருஷம் யாருமே தைக்கக் கொடுக்க வரவில்லை. "இலவசமா வருதாமே" என்று ஒரு பேச்சு. உன் நிறுவனம் எங்களிடம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறதென்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். தலையணை உறை ஏஜென்ட் பக்கத்து ஊரில் ஆள் பிடித்துக்கொண்டார்.

சீக்கிரம் எழுது. மெஷின் எல்லாம் எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

ஊசி

*

மே 8

என் தங்கமே ஊசி,

அக்கா சுகம். இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், என் வயிறே வெடித்திருக்கும். இனி சொல்லலாம். பெட்டிகள் கப்பல் ஏறிவிட்டன!

உன் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் புத்தம்புது யூனிஃபார்ம், இலவசமாக. இங்கே ஒரு பெரிய ஆலையில் தைத்தது. உன் அளவுகளைப் பார்த்து ஆலைக்காரர்களே அசந்துபோனார்களாம். மடிப்புத் துணி மட்டும் வீண் செலவு என்று எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை, சும்மா கிடைப்பதுதானே. எல்லாப் பெட்டிகளையும் என் கையால் கட்டினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் "பத்திரமாப் போய்ச் சேரு" என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

இனிமேல் யூனிஃபார்ம் சீசன் என்று முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். உன் பையை அக்கா சுமந்துவிட்டேன், பார்த்தாயா? நீ நிம்மதியாக ரவிக்கை தைத்துக்கொண்டு இரு.

மேலாளரம்மா எல்லோர் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார்.

உன் சந்தோஷத்தை உடனே எழுது. காத்திருக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 1

ஊசி,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் எழுதியது வழியிலே இருக்கும், அல்லது உன் கையிலே இருக்கும். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

நீ முதுகு வலி என்று எழுதினாய். நான் முதுகு வலியை மட்டும்தான் படித்தேன். உன் புலம்பலை நான் உண்மை என்று நினைத்துவிட்டேன். நீ வேலை இருக்கும்போதுதான் புலம்புவாய் என்பது உன் கூடப் பிறந்த எனக்குத் தெரிய வேண்டாமா? பத்து நாள் உன்னோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இத்தனை தூரத்திலிருந்து கடிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தங்கையைத் தெரியும் என்று நினைத்தேன்.

காலையில் மேலாளரம்மாவிடம் ஓடினேன். பெட்டிகளை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். கப்பல் கரையை அடைந்துவிட்டதாம். "பிள்ளைகளுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கச் சொல்கிறாயா?" என்று கேட்டார். திரும்பி வந்து பெட்டி கட்டினேன்.

என்னைத் திட்டியாவது எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

*

ஜூலை 19

அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் இரண்டு கடிதங்களும் வந்தன.

பெட்டிகள் வந்தன. பள்ளியில் மேடை போட்டுக் கொடுத்தார்கள். நல்ல துணி. காலர் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஒட்டுப் பையன் புதுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இரண்டு முறை போய் வந்தான். வாலுவுக்கும் கிடைத்தது. உனக்கு நல்ல மனசு அக்கா. அழாதே.

மழை நன்றாகப் பெய்கிறது. முதுகுக்கு ஓய்வுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஊசி

*

ஆகஸ்ட் 11

ஊசியோட அக்காவுக்குக் காஜாக்காரி எழுதுறது.

நீங்க நல்லா இருப்பீங்க. நாங்க நல்லா இல்லை. உங்க தங்கச்சி நல்லா இருக்கோம்னு எழுதியிருப்பா. அவ எழுதினதை நான் கூட இருந்து பார்த்தேன், அதான் பொறுக்க முடியாம எழுதுறேன். எனக்கு எழுத்து கோணல் மாணலா இருக்கும், பொறுத்துக்குங்க.

கூடம் மூடியாச்சு. சைக்கிள் கடைக்காரர் நல்ல மனுசன், ரெண்டு மாசம் வாடகை கேக்காம இருந்தார். அவரும் எத்தனை நாளைக்குத்தான் இருப்பார். மெஷினை ஒண்ணொண்ணா வித்துத்தான் வாடகையைக் கொடுத்தோம். ஊசியோட மெஷின்தான் கடைசி. அது படியில இறங்கும்போது அவ சன்னலைப் பார்த்துக்கிட்டு நின்னா. ஒருத்தி வீட்டு வேலைக்குப் போறா. ரெண்டு பேர் செங்கல் சுமக்கிறாங்க. நான் சும்மா இருக்கேன், என் வாய்க்கு எவன் வேலை கொடுப்பான்.

இன்னொண்ணு. நீங்க அனுப்பின கால்சட்டை, பிள்ளைங்க உட்கார்ந்தா தையல் விட்டுப்போகுது. அம்மாமாரெல்லாம் அதைத் தூக்கிக்கிட்டு ஊசி வீட்டு வாசலுக்கு வர்றாங்க. "கொஞ்சம் பிரிச்சு விடு"ன்னு கேக்குறாங்க. அவ புரட்டிப் புரட்டிப் பார்க்குறா. உள்ள துணியே இல்லை. பிரிக்க என்ன இருக்கு? இருந்தும் கையால தைச்சுக் கொடுக்குறா, பழைய சட்டம்னு கூலி வாங்காம.

அவ மூத்தார் வீட்டுக்குப் போகப் போறா. அவர் வந்து மூட்டை கட்டச் சொல்லிட்டார். நீங்க கெட்டவங்க இல்லைன்னு ஊசி சொல்றா. எனக்கும் தெரியும். கெட்டவங்களா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுத் தூங்கியிருப்பேன்.

காஜாக்காரி

*

செப்டம்பர் 3

ஊசி,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காஜாக்காரி எல்லாம் எழுதிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே.

நான் சும்மா இருக்கவில்லை. மேலாளரம்மாவிடம் திரும்பப் போனேன். அடுத்த தடவையாவது என் தங்கை கூடத்திலேயே தைக்கக் கொடுங்கள், அளவெடுத்ததே அவள்தான் என்றேன். முழுக்கக் கேட்டார். நல்லவர்தான், அதுதான் கஷ்டம். மூன்று வருஷத்துக்கு ஆலையோடு ஒப்பந்தம் போட்டாயிற்றாம், துணியும் வெட்டியாயிற்றாம். வருஷத்துக்கு இரண்டு தடவை வருமாம். பிறகு முகம் மலர்ந்து ஒன்று சொன்னார். உன் ஊரில் ஏழைப் பெண்கள் சொந்தக் காலில் நிற்க ஒரு பயிற்சி ஆரம்பிக்கிறார்களாம். முடித்தால் ஒரு மெஷின் தருவார்களாம். என்ன பயிற்சி என்று கேட்டேன். தையல்.

"உன் தங்கையைச் சேரச் சொல்" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைக்கமாட்டேன். உன் ஊருக்கு உதவி போகக் காரணமாக இருந்தேன் என்று என்னை வேலையில் நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட கையால்தான் இதை எழுதுகிறேன். விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். வந்து உனக்கு என்ன கொண்டு வருவேன், இந்த முழங்காலைத் தவிர?

அந்த வீட்டுக்குப் போகாதே. நான் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன், இன்னும் அனுப்புகிறேன். கொஞ்சம் பொறு. காஜாக்காரி வீட்டிலாவது இரு.

அக்கா

*

அக்டோபர் 14

அக்கா,

நீ அனுப்பியது வந்தது. அதற்குள் நாங்கள் மூத்தார் வீட்டுக்கு வந்துவிட்டோம். காஜாக்காரி வீட்டில் ஏழு பேர். எட்டாவதாகப் படுக்க இடமிருந்தால் என்னைக் கட்டிப்போட்டே வைத்திருப்பாள். இந்தக் கடிதத்தை அவள் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே வருவதற்கு இன்றைக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். இனி முடியாது.

உன்மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பாய். கோபம் இருந்தது. உன் மே மாதக் கடிதத்தைக் கிழித்தேன், பிறகு ஒட்டி வைத்தேன். நானும்தான் கேட்காமல் இருந்தேன் அக்கா. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி ஆச்சரியப்படுத்தப் போய் இப்படி ஆனோம்.

அந்தப் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு இடமில்லை என்றார்கள். அதனால் எனக்குத் தொழில் தெரியாது. முதல் நாள் நூல் கோக்கச் சொன்னார்கள். கை தானாகக் கோக்கப் போனது. பிடித்து நிறுத்தி, நாலைந்து தடவை குத்தித் தவறவிட்டேன். நேர்கோடு அடிக்கச் சொன்னால் வேண்டுமென்றே கோணலாக அடிக்கிறேன். கோணலாகத் தைப்பதுதான் அக்கா கஷ்டம். சொல்லித் தரும் பெண் சின்னவள், தங்கமான பிள்ளை. "பயப்படாதீங்க அக்கா, போகப் போக வந்துடும்" என்று என் தோளைத் தட்டினாள். மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள், கடைசியில் ஒரு மெஷினும் வரும் என்பதால் மூத்தார் விட்டார். மெஷின் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

வாலுவை இந்த வருஷமாவது முடிக்க விடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார்.

இதைக் கவனமாகப் படி. இனிமேல் என் கடிதங்கள் அந்த வீட்டிலிருந்துதான் வரும். மூத்தார் படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவார். நீ எழுதுவதையும் அவர்தான் முதலில் பிரிப்பார். அதனால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுதுவேன். எல்லோரும் நலம் என்று எழுதுவேன். அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதே அக்கா. உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

முழங்காலைப் பார்த்துக்கொள். இதுதான் நான் உன்னிடம் அதட்டிச் சொல்லும் கடைசித் தடவை என்று நினைக்கிறேன்.

உன் ஊசி

*

டிசம்பர் 20

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூத்தார் எங்களை மிகவும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பயிற்சி நல்லபடியாக நடக்கிறது. சென்ற வாரம் பெரியவர்கள் வந்து பார்வையிட்டார்கள். நான் தைத்த கோடு நேராக வந்திருப்பதாகப் பாராட்டி, என்னை மெஷினோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவேளை அந்தப் படம் தங்கள் அலுவலகத்துக்கு வரக்கூடும்.

வாலு வீட்டு வேலைகளை நன்றாகப் பழகிக்கொண்டாள். குழந்தைகள் அவளை விட்டு நகர்வதே இல்லை. மூத்தார் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்.

தங்கள் நிறுவனத்தின் அடுத்த பெட்டிகள் வந்து சேர்ந்தன. நாம் கொடுத்த அளவுகளில் வாலுவின் அளவும் இருந்ததால், அவளுக்கும் ஒரு யூனிஃபார்ம் வீடு தேடி வந்தது. அளவு சரியாக இருக்கிறது. மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

நாங்கள் அனைவரும் நலம்.

தங்கள் அன்புத் தங்கை